தொழில் படிப்பு கோணத்துல மட்டும் இருந்தா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கவர்மென்ட் பாலிடெக்னிக், ஐடிஐ எல்லாம் நாகர்கோவில்ல கோணம்ங்கிற இடத்துலதான் இருக்கு, குலசேகரம், ஆறுகாணி பக்கத்து பிள்ளைங்க பஸ் மாறி மாறி வந்து சேரும்போதே பாதி சோர்ந்துடுறாங்க. 1995-ல பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரின்னு ஒண்ணு தொடங்குச்சு, அக்கம்பக்கத்து வேலைக்கு ஏத்த படிப்பு, அதுதான் ஐடியா. அப்படி ஒண்ணு இங்கயும் வேணும், ஆனா ஒரே கட்டிடமா இல்லாம மார்த்தாண்டம், குளச்சல், குலசேகரம்னு மூணு வளாகமா.

ஏன் சொல்றேன்னா, ரப்பர் தோட்டத்துல பால் வெட்ட ஆள் கிடைக்கிறதே கஷ்டம். பட்டையில கத்தி கொஞ்சம் ஆழமா இறங்கினாலும் மரம் புண்ணாயிடும், மறுபடி அந்த இடத்துல பட்டை மேடும் பள்ளமுமாத்தான் வளரும், இது கையில வர்ற வித்தை, சர்டிபிகேட்டோட சொல்லிக்கொடுத்தா சம்பளமும் மரியாதையும் கூடும். குளச்சல்ல போட் இன்ஜின் மெக்கானிக், ஐஸ் பிளான்ட் வேலை சொல்லிக்கொடுக்கலாம். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு, ஆனா தேன் தரம் பார்க்கவும் பாட்டில்ல அடைச்சு விக்கவும் முறையா படிச்சவங்க எத்தனை பேரு?

நம்ம பசங்க நல்லாத்தான் படிக்கிறாங்க, படிச்சதும் கல்ஃபுக்கு பிளேன் ஏறிடுறாங்க (அதைத் தப்புன்னு சொல்லல, பாதி வீடு அந்தப் பணத்துலதான் நிக்குது). வகுப்பை சாயங்காலம் வைங்க, காலையில பால் வெட்டுறவங்களும் வரட்டும். கலெக்டர் ஆபீஸ் இதைக் கொஞ்சம் பார்க்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவட்டாறு