குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு, குப்பை, நாய்த் தொல்லை பற்றிய மனுக்கள் உரிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலானவற்றுக்குத் தீர்வும் கிடைத்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். தீராமல் நிற்பது மழைநீர் வடிகால். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது அந்த வடிகால்கூட அல்ல, அதைப் பற்றிய ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதுதான். எனவே இந்த அறிக்கையிலும் அதுவே அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது.

புதிதாகக் கட்டிய வடிகாலில் முதல் மழைக்கே தண்ணீர் தேங்கி நின்றதை எல்லோரும் அறிவீர்கள். நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த ஒரு தெருவின் வடிகால் பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல் ஆகிய நான்கை மட்டும் கேட்டார். 30 நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது. கேட்கப்பட்ட ஆவணங்கள் 4,000 பக்கங்களுக்கு மேல் இருப்பதாகவும், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 8,000 ரூபாய்க்கு மேல் செலுத்தினால் நகல் தரப்படும் என்றும் அதில் இருந்தது.

ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை! அவர் கேட்டது ஒரு தெருவின் கணக்கு. அலுவலகம் எண்ணியது அந்தத் திட்டத்தின் கீழ் நடந்த அத்தனை பணிகளின் கோப்புகளையும். பக்கத்துக்கு 2 ரூபாய் என்பதில் நமக்கு எந்த மனக்குறையும் இல்லை. அது நியாயமான கட்டணம். பக்கங்களை யார் எண்ணுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் முட்டுக்கட்டை இருக்கிறது. சட்டத்தின் 7(3) பிரிவின்படி, கூடுதல் கட்டணம் கேட்கும் அலுவலர் அந்தத் தொகை எப்படி வந்தது என்ற கணக்கையும் காட்ட வேண்டும். கட்டணத்தை எதிர்த்து எங்கே முறையிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். வந்த கடிதத்தில் இரண்டுமே இல்லை.

நிர்வாகக் குழுவில் இதைப் பேசியபோது சிலர் உடனே மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்த வழியைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு முதலில் ஆவணங்களை நேரில் பார்வையிடக் கேட்பது என்று முடிவெடுத்தோம். தகவல் என்றாலே ஜெராக்ஸ் நகல் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சட்டத்தின் 2(ஜெ) பிரிவோ பணிகளையும் ஆவணங்களையும் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், சான்றளிக்கப்பட்ட நகல் பெறவும், ஏன், கட்டுமானப் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும்கூட உரிமை தருகிறது. பார்வையிடுவதில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை.

அம்மையாருடன் நானும் சென்றிருந்தேன். நாடா கட்டிய கோப்புகள் ஒரு மேசை நிறைய வந்து இறங்கின. அளவுப் புத்தகத்தைப் பலர் முதன்முறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், மொத்த அளவு என்று பத்தி பத்தியாகக் கோடிட்ட புத்தகம் அது. பணி நடந்த இடத்தில் பொறியாளர் எடுத்த அளவுகள் அதில் ஏறும். அந்த அளவின்படிதான் பணம் பட்டுவாடா ஆகும். நமக்கு வேண்டியிருந்தவை அந்தப் புத்தகத்தில் சில பக்கங்களும், கூடவே பணி ஆணையும் பட்டியலும். எல்லாம் சேர்த்து 11 பக்கங்கள். கட்டணம் 22 ரூபாய்.

அந்த 22 ரூபாயைக் கட்டுவதிலும் ஒரு சிக்கல். ரொக்கமாக வாங்க இயலாது, வங்கி வரைவோலை எடுத்து வாருங்கள் என்றார்கள். வரைவோலைக்கு வங்கி பிடிக்கும் கமிஷன் அந்தத் தொகையைவிட அதிகம். ரொக்கத்தை ஏற்க வேண்டும் என்பது விதி என்று எழுத்தில் கொடுத்த பிறகே ரசீது போட்டார்கள். கட்டணம் குறைவாக இருந்தாலும் அதைக் கட்டும் வழி அடைபட்டிருந்தால் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

புத்தகத்தில் வடிகாலின் ஆழம் 0.90 மீட்டர். மூடியைத் தூக்கி, சேற்றை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு டேப் வைத்துப் பார்த்தால் 0.60 மீட்டரைத் தாண்டவில்லை. நாம் அளந்தது சில இடங்களில் மட்டும்தான்; எனவே இப்போதே யார்மீதும் குற்றம் சுமத்தவில்லை. குடியிருப்போர் முன்னிலையில் முழு நீளத்துக்கும் கூட்டாக மறு அளவீடு செய்யக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அது நிலுவையில் இருக்கிறது.

கையால் குறிப்பெடுத்து வந்தால் போதாதா, முத்திரை குத்திய நகலுக்காக ஏன் இத்தனை மன்றாட வேண்டும் என்று ஓர் இளம் உறுப்பினர் கேட்டார். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டது. ஊராட்சிப் பணிகளின் வருகைப் பட்டியலையும் வவுச்சர்களையும் ஊர் நடுவே வாசித்துக்காட்டும் பொதுவிசாரணைகளை அவர்கள் 1994-இல் தொடங்கினார்கள். பார்த்துக் குறிப்பெடுக்கலாம், நகல் கிடையாது என்று அரசு இழுத்தடித்தது. 1996-இல் பேயாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்கள் முழக்கம். கைக்குறிப்பை எவரும் மறுத்துவிடலாம். சான்றளிக்கப்பட்ட நகலை மறுக்க முடியாது. கூலி வேலை செய்த எளிய மக்கள் அன்று வெயிலில் உட்கார்ந்திராவிட்டால், 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வடிவில் நம் கைக்கு வந்திருக்காது.

மற்ற உறுப்பினர்களின் விண்ணப்பங்களிலும் சில தடைகள் திரும்பத் திரும்ப வந்தன. கெடுவின் கடைசி நாள்களில் கட்டண அறிவிப்பு அனுப்புவது ஒன்று. அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து நாம் பணம் கட்டும் நாள் வரையிலான காலம் 30 நாள் கணக்கில் சேராது என்பதால், தாமதத்துக்கு அது வசதியாகிவிடுகிறது. ஆனால் கெடு தாண்டிய பிறகு கட்டணம் கேட்டால் கட்ட வேண்டியதில்லை. 7(6) பிரிவின்படி இலவசமாகத் தர வேண்டும். ஆகவே அஞ்சல் உறையைத் தூக்கி எறியாதீர்கள். அதன்மேல் உள்ள முத்திரைத் தேதிதான் நம் சாட்சி. பதிவஞ்சல் சேவை கடந்த ஆண்டு விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், ஒரு மேல்முறையீடு அனுப்புவதற்கே இப்போது கூடுதலாகச் செலவாகிறது என்பதையும் வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) பிரிவு தெளிவாகவே சொல்கிறது. விண்ணப்பத்துக்கே 500 ரூபாய் வாங்கும் விதிகள் இந்த நாட்டில் இருந்தன. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விண்ணப்பக் கட்டணம் பொதுவாக 50 ரூபாயையும், நகல் கட்டணம் பக்கத்துக்கு 5 ரூபாயையும் தாண்டக் கூடாது என்றது. விண்ணப்பதாரரிடம் நோக்கத்தைக் கேட்கக் கூடாது என்பதையும் அதே தீர்ப்பில் உறுதிப்படுத்தியது.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. விண்ணப்பம் கொடுத்த சில நாள்களில் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு, சம்பந்தப்பட்ட பணியை எடுத்தவரின் ஆள்கள் வந்து 'பேசிவிட்டு'ப் போனார்கள். முகவரி எப்படி வெளியே போனது என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் இல்லை. அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே போதும், வீட்டு முகவரியை வற்புறுத்தக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியிருக்கிறது. இனி உறுப்பினர்கள் தனியே விண்ணப்பிக்க அஞ்சினால், சங்கத்துக்கென எடுக்கும் அஞ்சல் பெட்டி எண்ணைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு சாதாரணக் கணக்கைக் கேட்டதற்காக எவரும் தன் வீட்டு வாசலில் நின்று அஞ்சக் கூடாது.

சட்டத்திலேயே ஒரு மாற்றமும் வந்துள்ளது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம்தரும் 8(1)(ஜெ) பிரிவைச் சுருக்கித் திருத்தியது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் கருதித் தனிநபர் தகவலைத் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் நீங்கிவிட்டது. அதன்பின் வந்த ஒரு பதிலில், பணம் பெற்றவரின் பெயரே தனிநபர் தகவல் என்று மறுக்கப்பட்டிருக்கிறது. பொதுநலனைக் காட்டிக் கேட்க 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மேல்முறையீட்டில் அதைத்தான் முன்வைத்திருக்கிறோம்.

அலுவலகத்தின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவு, வரி வசூல், குடிநீர் இணைப்பு என்று எல்லாவற்றையும் பார்க்கும் அதே எழுத்தர்தான் கோப்பையும் தேடி எடுக்க வேண்டும். பார்வையிட்ட அன்று தூசி தட்டிக் கோப்புகளைச் சுமந்து வந்த ஊழியர் நம்மிடம் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அவருக்கு இந்தச் சங்கம் நன்றி கூறுகிறது. அவருடைய சுமை குறைய வழி, கேட்பவரை விரட்டுவது அல்ல; வரவு செலவுத் திட்டம், செலவான தொகை, மானியம் பெற்றோர், அனுமதி பெற்றோர் விவரங்களைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4(1)(பி) பிரிவு சொல்வதைச் செய்வதுதான். சட்டம் இயற்றப்பட்ட 120 நாள்களுக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

நம் பங்குக்குப் பயிற்சி வகுப்புகளில் விண்ணப்பம் எழுதும் முறையைச் சீராக்கியிருக்கிறோம். 'வடிகால் பணி தொடர்பான அனைத்து ஆவணங்களும்' என்று எழுதினால் 4,000 பக்கத்துக்கு நாமே வழிவிட்டவர்கள் ஆவோம். தெருப் பெயர், நிதியாண்டு, ஆவணத்தின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டு, 'முதலில் பார்வையிட விரும்புகிறேன். அதன்பின் நான் குறிக்கும் பக்கங்களுக்கு மட்டும் நகல் வேண்டும்' என்ற வரியைத் தவறாமல் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அண்டை வீட்டாருடன் உள்ள சொந்தப் பகைக்கு இந்தச் சட்டத்தைக் கருவியாக்க வந்தவர்களுக்குச் சங்கம் உதவவில்லை, இனியும் உதவாது.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். நகல் கட்டணத்துக்கும் அஞ்சல் செலவுக்கும் வசதியற்ற உறுப்பினர்களுக்கு உதவச் சிறு நிதி ஒதுக்குவது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குச் சட்டப்படியே கட்டணம் இல்லை என்பதால் அவர்களுக்குச் சான்று இணைக்க மட்டும் உதவினால் போதும். பணி முடிந்து தொகை வழங்கியதும் அளவுப் புத்தகப் பக்கங்களையும் பட்டியலையும் அந்தந்தத் தெருவிலேயே ஒட்டுமாறு உள்ளாட்சி மன்றத்தைக் கோருவது. வடிகால் மறு அளவீட்டுக்குத் தேதி குறிக்கப்படாவிட்டால் மேல் அதிகாரிகளிடம் முறையிட நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் அளிப்பது.

விண்ணப்பித்த உறுப்பினர்களுக்கும், மேல்முறையீடுகளைக் கட்டணமின்றி எழுதித் தந்த வழக்கறிஞர் உறுப்பினருக்கும் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்