நூறாவது பறவைக் குறிப்பு

நண்பர்களே, வணக்கம். நாளைக் காலை நான் அனுப்பப்போவது இந்தக் குழுவுக்கு என் 100-வது பறவைக் குறிப்பு. முதல் குறிப்பு எங்கள் கொல்லையில் நடமாடிய செம்போத்தைப் பற்றி, நான்கே வரி. குயில் குடும்பம்தான், ஆனால் தன் கூட்டைத் தானே கட்டி, தன் குஞ்சைத் தானே வளர்க்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எழுத வேண்டுமே என்றுதான் உற்றுப் பார்க்கவே பழகினேன்.

நூறாவதுக்கு வேட்டங்குடி சரணாலயத்தை எடுத்திருக்கிறேன். கண்மாய்க்கு வரும் நாரைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களைப் பற்றித்தான் பாதிக்கு மேல். எனக்கு மிகப் பிடித்த குறிப்பு இது.

அப்புறம், அங்கே எடுத்த படங்கள் இருந்தால் இன்று இரவுக்குள் அனுப்புங்கள். உங்கள் பெயரோடு சேர்க்கிறேன்.