தலை வலித்தால் சொல்லிவிடு

அன்புள்ள மருமகனுக்கு,

பெரு நாட்டில் சாந்தா குரூஸ் பள்ளத்தாக்கில் நான்கு நாள் நடக்கப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். "அத்தையே போயிட்டு வந்தாச்சு, எனக்கென்ன" என்றாயாமே. அதனால்தான் இந்தக் கடிதம். எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். தனியாக எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் என் தலைக்கு மேல் தெரிவது தௌலிராஹு சிகரம். அதையொட்டி இருப்பது புந்தா ஊனியோன் கணவாய், 4750 மீட்டர். அந்தக் கணவாயை நான் கடக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நடைக்கு முன் தங்கும் உவராஸ் நகரமே 3000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உடம்பு உயரத்துக்குப் பழக முதலில் ஓய்வு, பிறகு 3700 மீட்டரில் உள்ள வில்காகோச்சா ஏரி வரை மெதுவாக ஏறி இறங்கினால் போதும் என்றார் வழிகாட்டி. எனக்கு லீவு குறைவு. போய் இறங்கிய மறுநாளே லகூனா 69 ஏரிக்கு ஓடினேன். அது 4600 மீட்டர். அதற்கடுத்த நாள் நடைப்பயணம் தொடங்கிவிட்டது.

வண்டி யுங்காய் வழியாகப் போகும். 1970 மே 31 அன்று வந்த நிலநடுக்கத்தில் உவஸ்கரான் மலையின் பனியும் பாறையும் பெயர்ந்து வந்து பழைய ஊரை மூடிவிட்டன. கல்லறை மேட்டில் ஓடி ஏறியவர்களும், சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த பிள்ளைகளும் பிழைத்தார்கள். திரும்பும்போதாவது அங்கே நின்று பார்த்துவிட்டு வா.

நடை தொடங்கும் வாக்கேரியாவில் இறங்கி நடந்த முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. கூடாரமும் சமையல் சாமானும் கழுதை மேல் வரும். கழுதை ஓட்டுபவருக்கு அங்கே அரியேரோ என்று பெயர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கூடாரம் அடித்து வைத்திருந்தார்கள். இரவில்தான் தலைக்குள் உலக்கை போட ஆரம்பித்தது. சூப் இறங்கவில்லை. வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் தலைவலி உண்டா, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "நன்றாக இருக்கிறேன்" என்றேன். கூட வந்த ஐந்து பேரும் என்னைவிட இருபது வயது இளையவர்கள். ரோஷம், வேறென்ன?

மறுநாள் 4500 மீட்டர் வாக்கில் வாந்தி. படமெடுக்கும்போது சிரித்தேன் பார், அதற்குப் பத்து நிமிடம் கழித்து. ஒரு கால் விரலை ஒட்டி மறு கால் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார் வழிகாட்டி. மூன்றாவது அடியில் சாய்ந்தேன். அப்புறம் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆக்சிஜன் கொடுத்து, குதிரையில் ஏற்றி, உதவியாளரோடும் அரியேரோவின் மகனோடும் கீழே அனுப்பிவிட்டார்.

உயரத்தால் வரும் இந்த நோயை அந்த ஊர்க்காரர்கள் சொரோச்சே என்பார்கள். கணவாயின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்றே மேல். ஒவ்வொரு மூச்சிலும் வரும் ஆக்சிஜனும் அவ்வளவுதான். அதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். நீ ஜிம்முக்குப் போவது இதற்கு உதவாது. தெம்புள்ளவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள். இதைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன்பே டாக்டரைக் கேள். கோகா தேநீர் இதமாக இருக்கும், குடி. மிச்ச இலையைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடாதே, இங்கே அது போதைப்பொருள் வழக்கு.

இறங்கும் வழியில் அந்தப் பையனின் வீட்டில் உட்கார வைத்தார்கள். அவன் அம்மா பேசியது கெச்சுவா. எனக்குத் தெரிந்ததோ பத்து ஸ்பானிஷ் வார்த்தை. வேகவைத்த உருளைக்கிழங்கு நான்கு சாப்பிட்டேன். அதற்கு முந்தைய ஒரு நாள் முழுக்க வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அரியேரோவுக்குக் கொடுக்கும் பணத்தை அந்த நாட்டு சோல் நோட்டாக, அவர் கையிலேயே கொடு.

கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆல்பமாயோ சிகரம் தெரியும் என்றார்கள். 2012 பிப்ரவரியில் மேலே ஓர் ஏரிக்குள் சரிவு விழுந்து, வெள்ளம் பள்ளத்தாக்கை வாரிக்கொண்டு போனதாம். அது விட்டுப்போன வெள்ளை மணலில்தான் நடந்தோம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நீ கடந்தால் படம் அனுப்பு. பாதியில் திரும்பினாலும் அனுப்பு, என் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருக்கிறது.

அன்புடன்,
அத்தை