‘தெரியாது’ என்றார், சரி... கேள்வி என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

விசாரணை ஆணையத்தில் ஒரு அரசியல்வாதி ஆஜரானால் மறுநாள் உங்கள் பத்திரிகையில் (உங்களை மட்டும் சொல்லவில்லை, எல்லாரும்தான்) ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வருகிறது. அவரிடம் என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், அவர் மழுப்பியதும் மடக்கிக் கேட்டார்களா இல்லையா என்பது மட்டும் செய்தியில் எங்கே தேடினாலும் கிடைப்பதில்லை.

ஆறுமுகசாமி ஆணையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயலலிதா மரணத்தை விசாரிக்க வேண்டும் என்று 2017இல் தர்மயுத்தம் நடத்திய ஓ.பன்னீர்செல்வம், பலமுறை சம்மன் போன பிறகு, ஒருவழியாக 2022 மார்ச் 21, 22 தேதிகளில் அந்த ஆணையத்தின் முன் உட்கார்ந்தார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது தெரியும், வேறு என்ன கோளாறு என்று தெரியாது. 2016 செப்டம்பர் 22 இரவு எதற்காக மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்பதும் தெரியாது. இப்படிப் போனது முதல் நாள். மறுநாள், மக்களுக்குச் சந்தேகம் இருந்தது, தனிப்பட்ட முறையில் எனக்கு இல்லை என்றார். அந்த ‘தனிப்பட்ட முறையில்’ எவ்வளவு வசதியான இடம் பாருங்கள்! 2016 அக்டோபர் 11 முதல் முதல்வரின் இலாகாக்களையெல்லாம் கவனித்தவர், ‘அப்புறம் எந்த முறையில் சந்தேகப்பட்டு விசாரணை கேட்டீர்கள்?’ என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கேட்டார்களா என்பதையே வாசகனான நான் செய்தியிலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை.

நான் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே சாட்சியத்தைப் பெரும்பாலும் கதை சொல்வது போலத்தான் பதிவு செய்வார்கள். வக்கீல் அரை மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்பார், சாட்சி கூரையைப் பார்ப்பார், ‘இருந்திருக்கலாமுங்க, சரியா நெனப்பில்ல’ என்பார். கடைசியில் தாளில் ஏறுவது ‘நான் அங்கு இருந்தேனா என்று எனக்கு நினைவில்லை’ என்ற ஒரே வரி. கேள்வி காணாமல் போய்விடும். மறுத்தாலோ, கேள்வியையே பதிலுக்குள் மடித்து ‘என்று சொன்னால் சரியல்ல’ என்று முடித்துவிடுவோம். முக்கியமான இடத்தில் கேள்வி பதிலாகவே பதிவு செய்ய நீதிபதிக்குச் சட்டத்தில் இடம் உண்டு, நல்ல வக்கீல் அங்கேதான் எழுந்து நின்று அதைக் கேட்டு வாங்குவார்.

இதில் இன்னொரு சங்கதி. 1952ஆம் வருஷத்து விசாரணை ஆணையச் சட்டப்படி அங்கே சொன்னதை வைத்து ஒருவர் மீது வேறு வழக்கில் கை வைக்க முடியாது, பொய் சாட்சி சொன்னார் என்றால்தான் வழக்கு. ஞாபகமில்லை என்பதைப் பொய் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? விவரம் தெரிந்தவர்கள் அதனால்தான் ‘இல்லை’ என்று சொல்வதேயில்லை.

ஆனால் உடைக்கவே முடியாது என்றும் இல்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் செத்த துப்பாக்கிச் சூட்டை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி செய்தியாளர்களிடம் சொன்னார். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் தலைமைச் செயலாளர், டிஜிபி, உளவுத்துறை ஐஜி ஆகியோரின் சாட்சியத்தை வைத்து, அவருக்கு உடனுக்குடன் தகவல் போய்க்கொண்டிருந்தது, அவர் சொன்னது தவறு என்று எழுதியது. மேலே இருப்பவரின் ‘தெரியாது’ அவருக்குத் தகவல் சொன்னவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் உடைகிறது. இந்த அறிக்கையும் ஆறுமுகசாமி அறிக்கையும் 2022 அக்டோபர் 18 அன்று ஒரே நாளில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டன. எத்தனை பேர் அந்தப் பக்கங்களைப் புரட்டினோமோ!

ஆகவே உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த தடவை யாராவது சாட்சி சொல்லப் போனால், வெளியே மைக் முன்னால் வக்கீல்கள் சொல்வதோடு நிறுத்தாமல், நாலு கேள்வியையாவது அதன் பதிலோடு அப்படியே வாங்கிப் போடுங்கள். இடம் போதாது என்றால் தலைப்பின் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
திருநெல்வேலி.