மெட்ரோவை விடு, பேருந்தில் ஏறு

அன்புள்ள தங்கைக்கு,

வேலை கிடைத்து வெளிநாடு போகிறாய். பெட்டியில் என்ன வைப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். அங்கே போய் இறங்கிய பிறகு நகரத்துக்குள் எப்படி நடமாடுவது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள், அவசரம் இல்லாத போதெல்லாம் பேருந்தில் போ. மெதுவாகத்தான் போகும், போகட்டும். சுரங்க ரயில் ஓரிடத்தில் விழுங்கி இன்னோரிடத்தில் துப்பிவிடும். நடுவில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஆறு எந்தப் பக்கம், மருத்துவமனை எங்கே, எந்தத் தெரு எதில் போய் முட்டுகிறது என்பதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால்தான் மனதில் படியும்.

மெட்ரோ வரைபடத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடாதே. லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்த படம் 1933இல் வெளியானது. வளைந்த பாதைகளை நேர்கோடாக்கி, நிலையங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரே இடைவெளி விட்டார். எங்கே வண்டி மாறுவது என்று பார்க்க அருமையான படம். பல நகரங்கள் அந்தப் பாணியைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் தூரம் அதில் இல்லை. அதே லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் நிலையங்களுக்கு நடுவே 300 மீட்டர்கூடக் கிடையாது. கீழே இறங்கி ரயிலுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம்.

அப்புறம் டிக்கெட். புதிதாக வந்தவர்கள் அதிகம் அபராதம் கட்டுவது இதில்தான். சில ஊர்களில் ஏறும்போது மட்டும் பயண அட்டையை இயந்திரத்தில் தட்டினால் போதும். சிங்கப்பூர் பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் பாதையின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும். ஏறும்போது கைபேசி, இறங்கும்போது வங்கி அட்டை என்று மாற்றித் தட்டாதே. இரண்டும் ஒரே கணக்குதான் என்றாலும் இயந்திரத்துக்கு அது இரண்டு பயணி. பெர்லின் மாதிரி ஊர்களில் நிலையத்தில் தடுப்புக் கதவே இருக்காது. அதற்காக இலவசம் என்று நினைத்துவிடாதே. சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். வாங்கிய காகித டிக்கெட்டைக்கூட இயந்திரத்தில் முத்திரை குத்தாவிட்டால் அது செல்லாது. (லக்ஸம்பர்க்கில் 2020 முதல் பொதுப் போக்குவரத்து நிஜமாகவே இலவசம், ரயிலின் முதல் வகுப்பைத் தவிர. நீ போவதோ வேறு ஊர்.) மாதப் பாஸ் வாங்க அவசரப்படாதே. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிப்பதில்லை என்ற உச்சவரம்பு பல ஊர்களில் உண்டு. அப்படி இருந்தால் பாஸ் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்துவிட்டு வாங்கு.

உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வரும், அதனால் கைபேசி வரைபடத்தில் நீ நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். கொஞ்ச தூரம் நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார். நகரத்தின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வை, இணையம் இல்லாவிட்டாலும் உதவும்.

கார் ஓட்டும் எண்ணம் இருந்தால், உரிமம் வாங்கிய நாட்டிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிக்கொண்டு கிளம்பு. 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தரும் அனுமதி ஓராண்டுதான் செல்லும். அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு ஒரு சட்டம், குடியேறியவருக்கு வேறு சட்டம் என்பதால், எத்தனை மாதத்துக்குள் உள்ளூர் உரிமத்துக்கு மாற வேண்டும் என்று முதலிலேயே விசாரித்துவிடு. சாலையைக் கடக்கும்போது சில காலத்துக்கு இரண்டு பக்கமும் பார். எந்தப் பக்கம் வண்டி வரும் என்பதில் பழைய பழக்கம் சுலபத்தில் விடாது.

வீடு பார்க்கப் போகிறாய் அல்லவா? தரகர் உன்னை ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டிப்போவார், அலுவலகம் இருபதே நிமிடம் என்பார். சரி என்று கேட்டுக்கொள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலைநாள் காலையில், நீ கிளம்பவேண்டிய அதே நேரத்தில் அங்கிருந்து அலுவலகம் வரை போய்ப் பார். இரவுக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் அந்த நிறுத்தத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா