லிட்டருக்கு ஒரு சிரிஞ்ச்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலாம்.

நேற்று நீ மரம் அறுக்கிற செயின் சா மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட்டாகிவிட்டது. தாண்டிக்குடி மலையில் டவர் கிடைப்பது காற்றைப் பொறுத்தது என்று நீதான் சொல்வாய். ஆனால் கடைசியாகக் காதில் விழுந்தது, "புகை ரொம்ப வருதுப்பா, இனிமே ஆயிலைக் குறைச்சு ஒரு குத்துமதிப்பா ஊத்திக்கிறேன்" என்பது. அந்தக் குத்துமதிப்பை நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் புகை விஷயம். ஆயில் டப்பாவில் 50:1 என்று போட்டிருப்பதைப் பார்த்து, லிட்டருக்கு 50 மில்லி ஊற்றியதாகச் சொன்னாய். ப்ளஸ் டூவில் கணக்கில் 196 வாங்கிய பிள்ளை! ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஒரு லிட்டருக்கு 20 மில்லி. நீ ஊற்றியது இரண்டரை மடங்கு. புகையாமல் என்ன செய்யும்? பிளக் கறுத்துப்போய் எண்ணெய் வடிந்திருக்கும். சைலன்சர் ஓட்டையில் தார் மாதிரி ஒழுகியிருக்கும். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடு, சைலன்சர் வாயில் வலை இருந்தால் அதையும் பிரஷ்ஷால் தேய்த்துவிடு. இதனால் மெஷினுக்குப் பெரிய கேடு வந்துவிடவில்லை. ஆயில் கூடினால் மெஷின் சிணுங்கும், குறைந்தால் செத்துவிடும். நீ இப்போது குறைக்கிறேன் என்கிறாயே, அதுதான் எனக்குப் பயம்.

செயின் சாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், அதற்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி கிடையாது. உன் ஸ்கூட்டியில் ஆயில் தனியாக இருந்து சுற்றி வரும், மாதக் கணக்கில் பார்க்காமல் விட்டாலும் ஓடும். செயின் சாவில் அப்படியில்லை. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகிற ஆயில்தான் கிராங்க் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, அதுவும் எரிந்து வெளியே போகிறது. இந்த நிமிஷம் உள்ளே போகிற ஆயில்தான் இந்த நிமிஷத்துக்கு. அதுவும் நம் பழைய டி.வி.எஸ். 50 மாதிரி நிதானமாக ஓடுகிற வண்டி இல்லை இது. முழு வேகத்தில் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும்.

நான் ஒரு மெஷினைக் கொன்ற கதையை உன்னிடம் சொன்னதில்லை. கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். பேராவூரணி சுற்றுவட்டாரத்தில் நிமிர்ந்து நின்ற தென்னையை எண்ணிவிடலாம். கரண்ட் இல்லை. தெருவில் விழுந்து கிடந்த மரத்தை அறுத்தால்தான் ஆஸ்பத்திரிக்குக்கூட ஆள் போக முடியும். நம் கடையில் இருந்த இரண்டு மெஷினையும் ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓட்டினோம். ஜெனரேட்டருக்கு வெறும் பெட்ரோல் ஒரு கேனில், மெஷினுக்குக் கலந்தது இன்னொரு கேனில். இரண்டும் ஒரே மாதிரி மஞ்சள் கேன். நான்காம் நாள் ராத்திரி, இருட்டில், அவசரத்தில், வெறும் பெட்ரோலை எடுத்து டாங்கில் ஊற்றிவிட்டேன். வேறு யாருமில்லை, நானேதான்.

மெஷின் அன்றைக்கு நன்றாகத்தான் கிளம்பியது. புகையே இல்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் கிறீச்சென்று மாறி, இழுவை குறைந்து, அப்படியே நின்றது. கயிறு இழுக்க வரவில்லை. ஆறிய பிறகு இழுத்தால் தடையே இல்லாமல் வந்தது, கிணற்றுக் கயிற்றில் வாளி அறுந்துபோன மாதிரி. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பிஸ்டனின் பக்கவாட்டில் முள் கீறியது போல் மேலிருந்து கீழ் வரை கோடு கோடாக இருந்தது. சிலிண்டர், பிஸ்டன் செட் மாற்றியதில் மெஷின் விலையில் பாதி போயிற்று.

அன்றையிலிருந்து கலந்த கேனின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் ஒரு காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார். வெறும் பெட்ரோல் காய்ந்து தடமில்லாமல் போய்விடும். ஆயில் கலந்ததானால் வடை எடுத்த தாள் மாதிரி எண்ணெய்க் கறை நிற்கும். உன் தோட்டத்து அண்ணனுக்கும் இதைச் சொல்லிக் கொடு.

அளக்கிறதுக்கு மூடி, கரண்டி எதுவும் வேண்டாம். மெடிக்கலில் 20 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும், ஊசி இல்லாமல் வாங்கு. லிட்டருக்கு ஒரு சிரிஞ்ச். அப்புறம், மெஷினோடு வந்த புத்தகத்தையும் ஒருமுறை படித்துவிடு. எங்கள் ஆயில் போட்டால் 50:1, வேறு ஆயில் என்றால் 25:1 என்று சில கம்பெனிகள் எழுதியிருப்பார்கள். அப்படியிருந்தால் இரண்டு சிரிஞ்ச். ஆயில் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கென்று இருக்கிற 2டி ஆயிலாக இருக்கட்டும், டப்பாவில் ஜாசோ எஃப்டி என்ற தரக் குறி போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். புல்லட்டுக்கு ஊற்றி மிஞ்சிய ஆயில், படகு இன்ஜின் ஆயில் எதுவும் ஆகாது. செயினுக்கு ஊற்றுகிற ஆயில் வேறு, அதற்கு டாங்கும் வேறு. மூடி மேல் இருக்கிற படத்தைப் பார்த்துத் திற.

கலப்பதை டாங்குக்குள் செய்யாதே. கேனில் பாதிப் பெட்ரோல், அதன் மேல் ஆயில், மூடிக் குலுக்கு, மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்கு. ஒவ்வொரு தடவை டாங்கை நிரப்பும் முன்னும் ஒரு குலுக்கு. மெஷின் சூடாக இருக்கும்போது ஊற்றாதே. அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் கேனை வைக்கிற வேலையும் வேண்டாம்.

இன்னொன்று. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். செயின் சா புத்தகங்களில் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்வார்கள். நமக்கு வேறு வழியில்லை, அதனால் தேக்கி வைக்காமல் இருப்பதுதான் நாம் செய்யக்கூடியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், உங்கள் மலைப் பனிக்குக் கேட்கவே வேண்டாம். தண்ணீர் சேர்ந்தால் அடியில் பிரிந்து நிற்கும், கார்பரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் தகடும் பெட்ரோல் டியூபும் விறைத்துப் போகும். ஐந்து லிட்டராகக் கலந்து அடுக்காதே. விழுந்த சில்வர் ஓக்கை அறுக்கத்தானே, ஒரு லிட்டர் போதும். வேலை முடிந்தால் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு மூலையில் வை. கேனில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றதைத் திரும்ப ஊற்றாதே.

நீயே இதையெல்லாம் யூடியூபில் பார்த்திருப்பாய், தெரியும். ஆனாலும் கேள்.

பார்சலில் இரண்டு சிரிஞ்சும் சிவப்புத் துணியும் வைத்திருக்கிறேன். அம்மா கொடுத்த முறுக்கைத் தனிப் பையில் கட்டியிருக்கிறேன். கடையில் ஆயில் தொட்ட என் கை பட்டது என்று சொல்லி அவள் மேலே இன்னொரு பையும் சுற்றிவிட்டாள்.

இப்படிக்கு,
அப்பா