குழம்பு உண்டு, துண்டு இல்லை

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? பதில் போடாததற்கான வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது இதைக் கேள்.

தம்பி மகள் உணவுக் கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்திருக்கிறாள். நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்பதுதான் வேலை. மொத்தம் 10 உணவு வகைகள்; 5 வகையாவது வயிற்றுக்குள் போயிருந்தால் தேறியாயிற்று. 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையமே நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் அளவுகோல்களில் இதைச் சேர்த்துவிட்டது. பெண்களில் 15 முதல் 49 வயது வரைதான் கேட்பார்களாம். நீயும் நானும் எப்போதோ ஆட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட்டோம், அல்வாவைத் தைரியமாகத் தின்னலாம்!

ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொங்கலுக்குச் சாக்கில் போட்டு உரசி, நகமெல்லாம் கறையாகித் தோலெடுக்கிறோமே, அந்தச் சிறுகிழங்கும் சோறும் வாழைக்காயும் ஒரே வகையாம். எல்லாம் மாவுச்சத்துதானே அத்தை என்கிறாள். கறிவேப்பிலைக்கோ மதிப்பே இல்லை, 15 கிராமாவது தின்றால்தான் கணக்கில் வரும். இதற்குக் கடைத் தராசே தேவலை என்றேன். அவளுக்கு எங்கே புரியப்போகிறது!

போன வாரம் சீவலப்பேரிப் பக்கம் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் முப்பது வயதுப் பெண், பீடி சுற்றிக்கொண்டே பதில் சொன்னாள். சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், மீன் குழம்பு. ஐந்து ஆயிற்று என்று நான் மனதுக்குள் கைதட்டிவிட்டேன். இவள் விடவில்லை. "மீன் துண்டு சாப்பிட்டீர்களா அக்கா?" என்றாள். அந்தப் பெண் இலையை நறுக்கியபடியே, "துண்டெல்லாம் அவருக்கும் பையன்களுக்கும் சரியாகப் போய்விடும். எனக்குக் குழம்பு போதும்" என்றாள். குழம்பு மட்டும் என்றால் மீன் கணக்கில் வராது. நான்குதான்.

கோமதி, நம் அம்மாக்கள் சட்டியை வழித்துச் சாப்பிட்டதை நாம் எத்தனை நாள் பார்த்திருக்கிறோம். ஒரு நாளாவது கேட்டோமா?

ஒரு நாள் சாப்பாட்டை வைத்து ஒருத்தியை எடைபோடக் கூடாது, ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டால்தான் ஊர் நிலவரம் தெரியும் என்று தம்பி மகள் சொல்கிறாள். உப்பு, மிக்சர், கலர் தண்ணீர் எதுவும் இந்தப் பத்தில் அகப்படாது. அதற்கு வேறு கேள்விகள் இருக்கின்றனவாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில், மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதற்கென்றே 1972 முதல் ஒரு கண்காணிப்புப் பிரிவு இருந்தது. கிண்ணங்களைக் காட்டி அளவு கேட்பார்கள். 2015-இல் அதை இழுத்து மூடிவிட்டார்கள். எதற்கு மூட வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டு அவள் உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வருகிறாய் அல்லவா? எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, போன தடவை மாதிரி ஸ்டேஷனில் காக்க வைக்காதே.

உன்,
செல்லம்மா